மூடுபனிக்கு மேலே சான் பிரான்சிஸ்கோ: ட்ரோனில் சட்டப்படி படமெடுக்க முழுமையான வழிகாட்டி

கோடைக் காலையில் சான் பிரான்சிஸ்கோ முழுவதும் வெள்ளையாக மூடிக் கிடக்க, அதற்கு மேலே சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுரத்தின் உச்சியும் சுட்ரோ கோபுரத்தின் மூன்று கொம்புகளும் மட்டும் நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். விரிகுடாப் பகுதியில் ட்ரோன் வாங்கியவர்கள் எல்லோருக்கும் அந்தப் படத்தின் மேல் ஒரு கண் உண்டு. பலர் அதற்குக் குறுக்கு வழி ஒன்றைக் கையாள்கிறார்கள். மூடுபனிக்குள் நின்றுகொண்டு ட்ரோனை நேராக மேலே ஏற்றுகிறார்கள், மேகத்தைத் துளைத்து மறுபக்கம் போய்ப் படமெடுக்கிறார்கள், வந்த வழியே இறக்குகிறார்கள். படம் கிடைத்துவிடும். ஆனால் ஏறிய முதல் சில நொடிகளிலேயே இரண்டு மூன்று விதிகள் உடைந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் அதே மேகத்துக்குள்ளிருந்து ஒரு கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வெளியே வந்தால், ட்ரோனைக் கண்டு விலகிச் செல்ல அதன் விமானிக்கு அவகாசமே இருக்காது.

சட்டப்படி எடுக்க வழி இருக்கிறது. உயரத்தை ட்ரோனிடம் கேட்காதீர்கள், மலையிடம் கேளுங்கள். மூடுபனியின் மேற்பரப்பைவிட உயரமான இடத்தில், அதற்கு வெளியே, தெளிந்த காற்றில் நீங்கள் நிற்க வேண்டும். ட்ரோன் உங்கள் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும். மீதி வேலையை லென்ஸ் பார்த்துக்கொள்ளும். இப்படி எடுக்கும் படம், மேகத்தைத் துளைத்து எடுத்த படத்தைவிடப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் விதியின் எண்கள்

அமெரிக்காவில் ட்ரோன்களை ஒழுங்குபடுத்துவது எஃப்.ஏ.ஏ. எனப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம். அதன் விதித்தொகுப்பில் பகுதி 107 என்பதுதான் 55 பவுண்டுக்குக் குறைந்த ட்ரோன்களுக்கானது. மேகத்தைப் பற்றிப் பேசுவது அதில் 107.51 என்ற பிரிவு. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்வைத் தெளிவு குறைந்தது 3 மைல் இருக்க வேண்டும். ட்ரோன் மேகத்துக்கு 500 அடியாவது கீழே இருக்க வேண்டும். பக்கவாட்டில் மேகத்திலிருந்து 2,000 அடியாவது, அதாவது சுமார் 610 மீட்டராவது, தள்ளி இருக்க வேண்டும்.

கவனித்துப் பாருங்கள்: மேகத்துக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று அந்த விதியில் ஓர் எண்ணே இல்லை. எனவே மூடுபனிப் படலத்தின் தலைக்கு நேர் மேலே பறக்க வேண்டுமென்றால் விலக்குச் சான்று வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். படலத்தின் விளிம்பிலிருந்து 2,000 அடிக்கு அப்பால் நின்று அதன் மேற்பரப்பைப் படமெடுக்க விலக்கு எதுவும் தேவையில்லை.

இதோடு 107.31 பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ட்ரோன் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்த உயரத்தில் போகிறது என்பது வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூக்குக்கண்ணாடி போடலாம், தொலைநோக்கியும் கையிலிருக்கும் திரையும் கணக்கில் சேராது. மேகத்துக்குள் போன ட்ரோனை யாரும் பார்க்க முடியாது. அந்த நொடியிலேயே விதி உடைகிறது.

இந்தக் கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததைச் சொல்வேன். பாலிசேட்ஸ் காட்டுத்தீயைப் பார்ப்பதற்காகச் சாண்டா மோனிகாவில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்திலிருந்து ஒருவர் ட்ரோனை ஏற்றினார். ட்ரோன் 2 கிலோமீட்டருக்கு மேல் போனது, கண்ணைவிட்டு மறைந்தது, தீயணைப்பில் ஈடுபட்டிருந்த, கனடாவின் கியூபெக் மாகாண அரசுக்குச் சொந்தமான விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. தீ எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விமானத்தைத் தரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஓட்டியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ட்ரோன் 250 கிராமுக்கும் குறைவான வகை. 'சின்ன ட்ரோன்தானே' என்ற பேச்சுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

சான்றிதழ்: பொழுதுபோக்கா, பகுதி 107ஆ?

பொழுதுபோக்குக்காக மட்டும் பறப்பவர்களுக்குச் சட்டம் ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. டிரஸ்ட் என்ற இலவச இணையத் தேர்வை எழுதிச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பின் பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றிப் பறக்கலாம். ஆனால் 'பொழுதுபோக்கு' என்பதன் எல்லை நாம் நினைப்பதைவிடக் குறுகியது. வீடு விற்கும் நண்பருக்குக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுக்கும் படம்கூட அதில் அடங்காது. விளம்பர வருமானம் வரும் யூடியூப் சேனலுக்காகப் பறப்பதும் அப்படித்தான்.

இந்தப் படத்துக்கு ஆசைப்படுபவர்கள் பகுதி 107 சான்றிதழையே வாங்கிவிடுங்கள் என்பேன். இரண்டு காரணங்கள். பொழுதுபோக்கில் பறப்பவருக்குக் கட்டுப்பாடற்ற வான்வெளியில் தரையிலிருந்து 400 அடி, அவ்வளவுதான். பகுதி 107இல் ஓர் உயரமான கட்டடத்திலிருந்து 400 அடி தூரத்துக்குள் இருந்தால் அதன் உச்சிக்கு மேலே இன்னும் 400 அடி போகலாம். மேலும், விலக்குச் சான்றுக்கு விண்ணப்பிப்பது பகுதி 107இன்கீழ்தான்.

தேர்வு கடினமானதல்ல, ஆனால் படிக்காமல் போனால் தேற முடியாது. 16 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். 60 கேள்விகள், 2 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, கட்டணம் 175 டாலர். வான்வெளி வரைபடத்தைப் படிப்பதும் வானிலை அறிக்கையைப் படிப்பதும்தான் பலரைத் தடுக்கி விடுகின்றன. மூடுபனிப் படத்துக்கும் அந்த இரண்டும்தான் உயிர்நாடி. ஆகவே தேர்வுக்கென்று படிக்காமல் தொழிலுக்கென்று படியுங்கள். பிறகு 24 மாதங்களுக்கு ஒருமுறை எஃப்.ஏ.ஏ. தளத்தில் இலவசப் புதுப்பிப்புப் பயிற்சி உண்டு.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களும் இந்தச் சான்றிதழைப் பெறலாம். ஆனால் எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சான்றிதழ் கையில் இருப்பது வேறு, படத்தை விற்றுச் சம்பாதிப்பது வேறு. இரண்டாவது உங்கள் விசாவின் நிபந்தனைகளைத் தொடும் விஷயம். முதல் டாலரை வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

பதிவு, ரிமோட் ஐடி, விளக்கு

பகுதி 107இன்கீழ் ஒவ்வொரு ட்ரோனையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றுக்கு 5 டாலர், 3 ஆண்டுகளுக்குச் செல்லும். 249 கிராம் ட்ரோனுக்கும் இது பொருந்தும். எடைச் சலுகை பொழுதுபோக்கில் பறப்பவருக்கு மட்டுமே. பதிவு எண்ணை ட்ரோனின் வெளிப்புறத்தில் ஒட்ட வேண்டும். ரிமோட் ஐடி என்பது ட்ரோன் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் பறக்கும்போதே ஒலிபரப்பும் ஏற்பாடு. அதற்கு அளிக்கப்பட்டிருந்த தளர்வு 2024 மார்ச் 16உடன் முடிந்துவிட்டது.

விளக்கு விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். மூடுபனிப் படத்தின் பொன்னான நேரம் சூரியன் எழுவதற்கு முந்தைய அரை மணி நேரம். சட்டம் அந்த அரை மணியைத் தனியாகப் பெயரிட்டு வைத்திருக்கிறது. 3 மைல் தூரத்துக்குத் தெரியும் மின்னல் விளக்கு இல்லாமல் அப்போது பறக்கக் கூடாது. ட்ரோனோடு வரும் சிறு விளக்குகள் போதாது. 20, 30 டாலருக்குத் தனி விளக்குகள் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி ட்ரோனின் முதுகில் ஒட்டிக்கொள்ளுங்கள். அதன் ஒளி லென்ஸில் தெறிக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

எங்கே நிற்பது

இந்தப் படத்தின் மிகக் கடினமான பகுதி இதுதான். வானத்தை ஆள்வது எஃப்.ஏ.ஏ.; நீங்கள் நிற்கும் தரையை ஆள்பவர்கள் வேறு.

எல்லோரும் முதலில் நினைப்பது கோல்டன் கேட் பாலத்துக்கு எதிரே மரின் பக்கத்து மேட்டு நிலம். ஹாக் ஹில், பேட்டரி ஸ்பென்சர் என்று படக்காரர்கள் கூடும் இடங்கள் எல்லாம் கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதிக்குள் வருகின்றன. தேசியப் பூங்காத் துறை 2014 ஜூனிலிருந்தே தன் நிலத்திலும் நீரிலும் ட்ரோன் ஏற்றுவதை, இறக்குவதை, இயக்குவதைத் தடை செய்திருக்கிறது. 6 மாதச் சிறை, 5,000 டாலர் அபராதம் வரை போகலாம். லேண்ட்ஸ் எண்ட், பேக்கர் கடற்கரை, ஓஷன் கடற்கரை, கிரிஸ்ஸி ஃபீல்ட், அல்காட்ராஸ் தீவு எல்லாமே அதே கணக்கு. பிரசிடியோவும் கூடாது. ட்வின் பீக்ஸ் நகரப் பூங்காத் துறையின் இடம். அங்கும் அனுமதியின்றி ட்ரோன் கூடாது. விரிகுடாவுக்குக் கிழக்கே போனால் கிழக்கு விரிகுடா வட்டாரப் பூங்காக்கள் ட்ரோனை அனுமதிப்பதில்லை. பெர்க்லி பல்கலைக்கழக நிலத்தில் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும்.

அப்படியானால் என்ன மிச்சம்? தனியார் நிலம். பெர்க்லி, ஓக்லாந்து மலைச்சரிவுகளில் 1,000 அடிக்கு மேலே ஏராளமான வீடுகள் இருக்கின்றன. அங்கே குடியிருக்கும் ஒருவரின் கொல்லைப்புறம்தான் இந்தப் படத்துக்கு ஏற்ற மேடை. வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒரு மின்னஞ்சல் போதும். பக்கத்து வீட்டாரிடமும் முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். விடியற்காலையில் தலைக்கு மேல் ட்ரோன் இரைந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். தவிர, கலிஃபோர்னியாவின் சிவில் சட்டம் 1708.8 பிரிவு, ஒருவருடைய நிலத்தின் மேலான வான்வெளிக்குள் புகுந்து அவருடைய அந்தரங்க வாழ்க்கையைப் படமெடுப்பதைத் தனியுரிமை மீறலாகவே பார்க்கிறது. கேமரா மேற்கே நகரத்தைப் பார்த்தே இருக்கட்டும்.

கிழக்கு மலை எனக்குப் பிடித்திருப்பதற்கு ஒளியும் ஒரு காரணம். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்து நகரத்தின் முகத்தில் நேராக அடிக்கும். மாலையில் மூடுபனிக்குப் பின்னால் இறங்கி அதன் விளிம்புகளைப் பற்றவைக்கும். நடுவில் விரிகுடா முழுவதும் பரந்து கிடப்பதால் 2,000 அடி இடைவெளி பெரும்பாலான நாட்களில் தானாகவே கிடைத்துவிடும்.

நகர மையத்திலேயே, கோபுரங்களுக்கு நடுவில் பறக்க வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மையப் பகுதியில் தரைமட்ட வான்வெளி கட்டுப்பாடற்றதுதான். 1,070 அடி சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுரத்தை ஒட்டிப் போனால் காகிதத்தில் 1,470 அடி வரை இடம் தெரியும். ஆனால் கீழே தெருவில் நடக்கும் மனிதர்களும் ஓடும் வண்டிகளும் தடையாக நிற்கிறார்கள். மனிதர்களுக்கு மேலே பறக்க 2021இலிருந்து 4 வகைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. 250 கிராமுக்குள் இருந்தாலும் தோலைக் கிழிக்கும்படி திறந்த இறக்கைகள் சுழலும் ட்ரோன் முதல் வகைக்குள் வராது. கடையில் வாங்கும் குட்டி ட்ரோன்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. மூடுபனி நாளில் அங்கே மேகமும் தலைக்கு மேலேயே இருக்கும். தெளிந்த வானம் உள்ள நாளில் ஒரு தனியார் மொட்டை மாடியிலிருந்து கோபுரங்களை எடுக்கலாம். மூடுபனி நாளில் அங்கே போகாதீர்கள்.

400 அடி எங்கிருந்து அளக்கப்படுகிறது

மலையில் நின்று பறப்பவர்கள் விழும் பள்ளம் இது. 400 அடி என்பது ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து. ட்ரோனின் திரை காட்டுவதோ நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து. நீங்கள் 1,200 அடி மேட்டிலிருந்து ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ட்ரோனை மேற்கே விரிகுடாவை நோக்கி மட்டமாக விடுகிறீர்கள். 500 மீட்டர் தள்ளி நிலம் 700 அடிக்கு இறங்கிவிட்டது. திரையில் உயரம் 0 என்று நிற்கும். உண்மையில் ட்ரோன் தரையிலிருந்து 500 அடியில் பறக்கிறது. நீங்கள் ஓர் அடிகூட ஏற்றாமலே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

முந்தின நாளே கூகுள் எர்த்தைத் திறந்து, ட்ரோன் போகும் திசையில் 50 மீட்டருக்கு ஒருமுறை நிலத்தின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஏற்றிய இடத்துக்கு நேர் மேலேயே நின்று படமெடுப்பதுதான் நல்லது. பின்னால் மலை ஏறுகிறது என்றால் பின்பக்கமாகப் போங்கள். நிலமும் கூடவே உயர்வதால் உங்களுக்கு உண்மையான உயரம் கிடைக்கும்.

மூடுபனியைப் படிப்பது

கோடையில் பசிபிக் கடலின் மேல் நிற்கும் உயர் அழுத்தம் வடமேற்குக் காற்றை அனுப்புகிறது. அந்தக் காற்று கரையோரத்து மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அதன் மேல் நகரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. மேலிருந்து இறங்கும் வெப்பக்காற்று அதன் தலையில் மூடிபோல் அமர்ந்துகொள்வதால் அது ஓர் அளவுக்கு மேல் எழும்ப முடிவதில்லை. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு சூடேறி இழுக்க, கடற்கரை மலைத்தொடரில் கடல்மட்டத்தில் இருக்கும் ஒரே பெரிய வாசலான கோல்டன் கேட் வழியாக அது, பால் பொங்கி வழிவதைப் போல உள்ளே வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இதுதான் கதை.

படக்காரருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: அந்த மூடி எந்த உயரத்தில் இருக்கிறது? மேற்பரப்பு 500 அடியில் நின்றால் கோல்டன் கேட் பாலத்தின் 746 அடி கோபுரங்கள் சிவப்பாக வெளியே தெரியும், நகர மையத்தின் உயரமான கோபுரங்களும் தெரியும். 800 அடிக்கு ஏறினால் பாலம் மறைந்துவிடும். 853 அடி டிரான்ஸ்அமெரிக்கா பிரமிடின் நுனி, சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுரத்தின் தலை, மலை மேல் நின்று கடல்மட்டத்திலிருந்து 1,811 அடியைத் தொடும் சுட்ரோ கோபுரம் ஆகியவை மட்டும் மிஞ்சும். 1,500 அடிக்கு மேல் போனால் சுட்ரோ மட்டும்தான், அதற்குள் உங்கள் மலையும் மூழ்கியிருக்கக்கூடும். நான் எதிர்பார்ப்பது 500 முதல் 900 அடி வரை.

விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்ற வானிலை அறிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சான் பிரான்சிஸ்கோ அறிக்கையில் 'ஓ.வி.சி. 008' என்று இருந்தால் வானம் முழுவதும் மூடியிருக்கிறது, மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 800 அடியில் இருக்கிறது என்று பொருள். மேற்பரப்பு எங்கே என்பதை அது சொல்லாது. அதற்கு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். தேசிய வானிலைச் சேவையின் விரிகுடாப் பகுதி அலுவலகம் வெளியிடும் முன்னறிவிப்பு விவாதம் முதலாவது. 'ஃபோர்ட் ஆர்ட் கருவியின்படி கடல்படலம் இத்தனை அடி' என்று அதில் நேராகவே எழுதியிருப்பார்கள்; கடல்படலம் என்பது அந்த மூடிக்குக் கீழே இருக்கும் குளிர்ந்த ஈரக்காற்று. ஓக்லாந்திலிருந்து நாளுக்கு இரண்டு முறை, கோடையில் காலை 5, மாலை 5 மணிக் கணக்கில், விடப்படும் வானிலை பலூனின் வரைபடம் இரண்டாவது. வெப்பநிலை குறைந்துகொண்டே போய்ச் சட்டென்று ஏறத் தொடங்கும் இடம்தான் மூடி. மூன்றாவது, விமானிகள் தரும் அறிக்கைகள். மேகத்தைத் தாண்டி ஏறியவர்கள் 'மேற்பரப்பு 1,400' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கடைசியாகக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். காட்டுத்தீயைக் கண்காணிக்க மலையுச்சிகளில் வைத்திருக்கும் அலர்ட்கலிஃபோர்னியா கேமராக்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கோஸ்-18 செயற்கைக்கோளின் இரவுப் படங்களில் மூடுபனி தனி நிறத்தில் தெரியும். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் இந்த இரண்டையும் பார்க்காமல் நான் காரை எடுப்பதில்லை.

வெப்ப அலை தொடங்கும் நாட்களையும் முடியும் நாட்களையும் குறித்து வையுங்கள். மேலிருந்து அழுத்தம் கூடி, கடல்படலம் சில நூறு அடிக்கு நசுங்கிவிடும். கெட்டியான, தாழ்ந்த, விளிம்பு கூர்மையான மூடுபனி அப்போதுதான் கிடைக்கும். ஆனால் அந்த நாட்களிலேயே காட்டுத்தீ எச்சரிக்கையும் வரும். எங்காவது தீ என்று தெரிந்தால் ட்ரோனைப் பையைவிட்டு எடுக்காதீர்கள்.

பறக்கும் நாளின் காலை

எங்கே பறக்கலாம் என்று காட்டும் பி4யூஃப்ளை சேவை உள்ள செயலி ஒன்றில் இடத்தைத் தட்டிப் பாருங்கள். தெற்கே போகப் போக சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் பி வகுப்பு வான்வெளி தரைவரை இறங்குகிறது. ஓக்லாந்து விமான நிலையத்தைச் சுற்றி சி வகுப்பு இருக்கிறது. இரண்டுமே கட்டுப்பாடுள்ள வான்வெளி. அவற்றுக்குள் நிற்கிறீர்கள் என்றால் லான்ஸ் என்ற தானியங்கி அனுமதி முறையில் செயலி வழியாகவே அனுமதி கேட்க வேண்டும். வரைபடத்தில் உங்கள் இடத்துக்கான கட்டத்தில் போட்டிருக்கும் உயரத்துக்குள் கேட்டால் பெரும்பாலும் உடனே பதில் வரும். 0 என்று போட்டிருக்கும் கட்டத்தில் அந்த உடனடி அனுமதி கிடைக்காது.

தற்காலிகத் தடைகளை விட்டுவிடாதீர்கள். ஓரக்கிள் பார்க்கில் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டம் நடந்தால், தொடங்குவதற்கு 1 மணி முன்பிருந்து முடிந்து 1 மணி வரை, மைதானத்தைச் சுற்றி 3 கடல் மைல், அதாவது சுமார் 5.6 கிலோமீட்டர், 3,000 அடி உயரம் வரை பறக்கக் கூடாது. நகர மையம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அக்டோபரில் கடற்படை வாரத்தின்போதும் வான்வெளி அடைபடும்.

பிறகு நான் மிக முக்கியமாகக் கருதும் ஒரு பழக்கம். நிற்கும் இடத்திலிருந்து மூடுபனி வரும் திசையில் 2,000 அடிக்குச் சற்று அப்பால் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ வரைபடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 3 மைல் தள்ளி இன்னொன்று. தூரத்து அடையாளம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் ட்ரோனை ஏற்றவே கூடாது. பறக்கும்போது மூடுபனி அருகிலுள்ள அடையாளத்தைத் தொட்டால் அந்த நொடியே இறக்க வேண்டும். இன்னும் ஒரு படம், இன்னும் ஒரு நிமிடம் என்ற பேச்சே கூடாது. கூட ஒருவரை அழைத்துச் சென்று, அந்த அடையாளத்தைப் பார்ப்பதுதான் உன் வேலை என்று அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். திரையில் ஆழ்ந்துபோகும் கண்ணுக்கு மூடுபனி நகர்வது தெரியாது.

ட்ரோனின் உணரிகளையும் இங்கே முழுக்க நம்ப முடியாது. கீழ்நோக்கிய கேமராக்கள் நகரும் வெள்ளைப் பரப்பைத் தரையென்று எடுத்துக்கொண்டு ட்ரோனை மெல்ல இழுத்துச் செல்லலாம். தடை உணரிகள் மூடுபனியைச் சுவரென்று நினைத்து, வீடு திரும்பும் வழியில் அப்படியே நின்றுவிடலாம். தானாகத் திரும்பும் உயரத்தைச் சுற்றியுள்ள மரங்களுக்கு மேலே, 400 அடிக்குள்ளே வையுங்கள். பேட்டரி 40 சதவீதத்தில் திரும்பத் தொடங்குங்கள். மலையில் காற்று எதிர்த்தால் அந்த மிச்சம் தேவைப்படும்.

கேமரா

பெர்க்லி மலையிலிருந்து நகர மையம் சுமார் 11 மைல். அகல லென்ஸில் கோபுரங்கள் ஊசிமுனையாகத்தான் தெரியும். 70 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஏர் 3, அல்லது 70உம் 166உம் உள்ள மேவிக் 3 ப்ரோ போன்ற ட்ரோன் வேண்டும். நீண்ட லென்ஸ் தூரங்களை ஒன்றாக அழுத்துவதால் மூடுபனியின் அலைகள் கோபுரங்களின் அடியிலேயே அடுக்கடுக்காக வந்து நிற்கும். மேகத்துக்கு நேர் மேலே அகல லென்ஸோடு பறந்தவருக்கு இந்த அடுக்கு கிடைப்பதில்லை.

கேமராவின் ஒளிமானி வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளிச்ச அளவை 0.7 கூட்டி வைத்து, ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரம் வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5,500 கெல்வினில் நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் ஒரே காலையின் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் இருக்கும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள். காற்று அடங்கியிருந்தால் அகல லென்ஸில் ஒளியைக் குறைக்கும் என்.டி. 64 வடிகட்டி போட்டு 1 அல்லது 2 விநாடி திறந்து வைக்கலாம், மூடுபனி பட்டாக வழுக்கும். நீண்ட லென்ஸில் அது பலிக்காது. ஓட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் 2 விநாடிக்கு ஒரு படம் என்று ஒரு பேட்டரி முழுக்க நின்ற இடத்தில் எடுத்து வீடியோவாக்குங்கள்.

விலக்குச் சான்று வேண்டுமென்றால்

படலத்துக்கு நேர் மேலேயே பறந்தாக வேண்டிய வேலை உங்களுக்கு இருக்கலாம். 107.51 விலக்கு கேட்கக்கூடிய பிரிவுகளில் ஒன்று. எஃப்.ஏ.ஏ.வின் ட்ரோன்ஸோன் தளத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு 90 நாட்கள் வரை ஆகலாம், எனவே கோடைக்கு வசந்தத்திலேயே கொடுத்துவிடுங்கள். எனக்கு அனுபவம் இருக்கிறது, கவனமாகப் பறப்பேன் என்று எழுதினால் நிராகரிப்புதான் வரும். மேகத்திலிருந்து ஒரு விமானம் வெளிவந்தால் அதை எப்படி அறிவீர்கள், எத்தனை நொடியில் ட்ரோனை விலக்குவீர்கள், பார்வையாளர்கள் எங்கெங்கே நிற்பார்கள், தொடர்பு அறுந்தால் ட்ரோன் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றுக்கும் செயல்முறை கேட்பார்கள்.

விலக்கு இல்லாமல் பறந்து சிக்கினால், 2024இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி மீறல் ஒன்றுக்கு 75,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். சான்றிதழும் போகும். மேகத்துக்கு மேலே எடுத்த படத்தைப் பெருமையாக இணையத்தில் போடுபவர்கள், இடமும் நேரமும் வழியாகத் தங்களுக்கு எதிரான சாட்சியைத் தாங்களே வெளியிடுகிறார்கள்.

இறக்கிய பிறகு

ஈரக்காற்றில் பறந்த ட்ரோனை அப்படியே பையில் மூடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, துணியால் துடைத்து, அறையின் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு மூடுங்கள். இறக்கைகளின் ஓரத்தில் உப்பு வெண்மையாகப் படிந்திருந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கடல்படலம் கடலிலிருந்து வந்தது என்பதை மோட்டார்கள் சில மாதங்கள் கழித்துத்தான் சொல்லும்.

அன்றைய மெட்டார், லான்ஸ் அனுமதி எண், வீட்டுக்காரரின் மின்னஞ்சல், ட்ரோனின் பறப்புப் பதிவு எல்லாவற்றையும் படங்கள் இருக்கும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள். யாராவது கேள்வி கேட்டால், அல்லது ஒரு பத்திரிகை படத்தை வாங்க வந்தால், அந்தக் கோப்புறையை அப்படியே அனுப்பலாம். பறக்கும்போது யாருக்காவது பலத்த காயம் ஏற்பட்டாலோ, யாராவது நினைவிழந்தாலோ, ட்ரோனைத் தவிர வேறு சொத்துக்கு 500 டாலருக்கு மேல் சேதமானாலோ 10 நாட்களுக்குள் எஃப்.ஏ.ஏ.வுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையும் ட்ரோன்ஸோன் தளத்திலேயே நிரப்பலாம்.